துப்பாக்கி 'சிக்கிக்கொண்டது' என்று எழுதுமுன் மேகசினைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுடும்போது ஆயுதம் பாதியில் நின்றுபோன செய்தி வரும்போதெல்லாம் "துப்பாக்கி திடீரெனச் சிக்கிக்கொண்டது" என்ற ஒரே வரியோடு நம் நாளிதழ்கள் விஷயத்தை முடித்துவிடுகின்றன. உங்கள் நாளிதழும் விலக்கல்ல. எது சிக்கியது, எங்கே சிக்கியது என்று யாரும் கேட்பதில்லை. காரணம் தோட்டாவிலோ அழுக்கிலோ இருப்பதும் உண்டுதான். ஆனால் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் அனுபவமுள்ள ஆர்மரர் முதலில் கை வைப்பது தோட்டாக்களை அடுக்கிவைக்கும் பெட்டியான மேகசினில். துப்பாக்கியில் விலை குறைந்த பாகங்களில் ஒன்று, அடிக்கடி கீழே விழுவது, எந்தத் துப்பாக்கியோடு வந்தது என்ற கணக்கே இல்லாமல் கைமாறுவது அந்தப் பாகம்தான். திருச்சி, கோவை, ஓசூர் பக்கம் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தை நம்பிச் சிறு நிறுவனங்கள் ஆயுத உதிரிபாக வேலைக்குக் காத்திருக்கும் இந்த நேரத்தில், மேகசினை நட்டு, போல்ட், ஸ்குருவோடு சேர்த்து 'உதிரிபாகங்கள்' என்று எழுதுவது பொருந்தாது. அது தனி இயந்திரம். அதன் வடிவமைப்பில் நடக்கும் தவறுகளும் தனி வகை.

முதலில் சொற்கள். பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, அடியில் அதைப் பற்றவைக்கும் பிரைமர், நுனியில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. குழல் வழியே பறப்பது குண்டு மட்டும். சம்பவ இடத்தில் போலீசார் பொறுக்குவது வெற்றுக் கூடு. மூன்றையும் 'தோட்டா' என்றே எழுதுவதால்தான் "உடலிலிருந்து தோட்டா அகற்றப்பட்டது" என்று அச்சாகிறது. மேகசின் வேறு, கிளிப் வேறு. பழைய .303 ரைஃபிளில் ஐந்தைந்து தோட்டாக்களாகச் செருகப் பயன்பட்ட தகடு கிளிப். தோட்டாக்களை மேலே தள்ளும் ஸ்பிரிங்குடன் கூடிய பெட்டி மேகசின். மேகசின் என்ற சொல்லின் வேர் அரபியில் கிடங்கு. பிரெஞ்சில் அது கடை, ஆகவே புதுச்சேரிக்காரர்களுக்குப் பழக்கமான சொல்தான். வங்கி வாசலில் காவலர் தோளில் தொங்கும் இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு மேகசினே கிடையாது. மடித்துத் திறந்து கையால் போட வேண்டியதுதான்.

மேகசினுக்குள் இருப்பவை நான்கே பாகங்கள். பெட்டி, ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் தலையில் அமர்ந்து தோட்டாக்களைத் தூக்கிக்கொண்டு மேலே வரும் ஏந்துதட்டு, அதாவது ஃபாலோயர், கீழே மூடும் அடித்தட்டு. பெட்டியின் வாயில் இரண்டு விளிம்புகள் உள்நோக்கி வளைந்திருக்கும். அவற்றை லிப், உதடு என்பார்கள். மேல் தோட்டா வெளியே தாவிவிடாமல் தடுப்பதும், துப்பாக்கிக்குள் முன்னும் பின்னும் ஓடும் போல்ட் தள்ளும்போது எந்தக் கோணத்தில் அது குழலின் பின்முனை அறையான சேம்பருக்குள் நுழைய வேண்டும் என்று தீர்மானிப்பதும் அந்த உதடுகள்.

இந்த நான்கு பாகங்களுக்குக் கிடைக்கும் நேரத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 600 சுற்று சுடும் ஒரு ரைஃபிளில் ஒரு சுற்றுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அந்தப் பத்தில் ஒரு பங்கிலும் போல்ட் பின்னால் போய், மேகசின் வாயைத் திறந்துவிட்டு, மறுபடி முன்னால் வருவதற்குள் இருக்கும் சிறு இடைவெளியில்தான் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை உதடு வரை தூக்கியாக வேண்டும். அதை மட்டும் தூக்கினால் போதாது, கீழே உள்ள வரிசை முழுவதையும் சேர்த்துத் தூக்க வேண்டும். 5.56 மி.மீ. தோட்டா ஒன்று ஏறக்குறைய 12 கிராம். முப்பது என்றால் 360 கிராம். அசையாமல் நிற்கும் அந்தச் சுமையைக் கண் இமைக்கும் நேரத்தில் ஐந்து மி.மீ. உயரம் நகர்த்தி, நகர்ந்ததும் நிறுத்தியும் வைக்க வேண்டும்.

மேகசின் நிரம்பியிருக்கும்போது ஸ்பிரிங்குக்கு விசை அதிகம், ஆனால் சுமையும் பக்கவாட்டு உராய்வும் அதிகம். காலியாகும் தறுவாயில் சுமை குறைவு, ஆனால் ஸ்பிரிங் விரிந்து விசை தளர்ந்திருக்கும். கோளாறுகள் முதல் இரண்டு மூன்று சுற்றிலும் கடைசி இரண்டு மூன்று சுற்றிலும் குவிவது இதனால்தான். எத்தனையாவது சுற்றில் நின்றது என்று கேட்டால் பாதிக் காரணம் தெரிந்துவிடும். முதல் சுற்றுகளில் நின்றால் அளவுக்கு மீறி அடைத்திருக்கலாம், அல்லது பெட்டியின் பக்கங்கள் நசுங்கியோ தூசி படிந்தோ உராயலாம். கடைசியில் நின்றால் ஸ்பிரிங் களைத்துவிட்டது, அல்லது ஏந்துதட்டு சாய்கிறது. நடுவில், எண்ணிக்கையில் எந்த ஒழுங்கும் இல்லாமல் நின்றால் உதடுகளைப் பார்க்க வேண்டும்.

அடுத்து வளைவு. ஏ.கே. வகைத் துப்பாக்கியின் மேகசின் வாழைப்பழம் போல வளைந்திருப்பது அழகுக்காக என்று எண்ணுவோர் உண்டு. வீட்டிலிருக்கும் எவர்சில்வர் டம்ளர்களை, வாய்கள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி, தரையில் படுக்கவைத்து ஒட்டி ஒட்டி அடுக்கிப் பாருங்கள். வாய் அகலம், அடி குறுகல். வரிசை தானாகவே வளையும். தோட்டாக் கூடும் அப்படித்தான். ஏ.கே. சுடும் 7.62×39 தோட்டாவின் கூடு அடிப்பக்கம் 11.35 மி.மீ. விட்டம், குண்டைப் பிடிக்கக் கூடு சட்டெனக் குறுகும் தோள் அருகே 10.07 மி.மீ. கணக்குப் போட்டால் தோட்டாவுக்குச் சுமார் 2.4 டிகிரி சரிவு வரும். மேகசினுக்குள் தோட்டாக்கள் இடம், வலம் என்று மாறி மாறி இரட்டை வரிசையாக உட்காருவதால் ஒவ்வொன்றும் அதில் ஏறக்குறையப் பாதி அளவே வரிசையைத் திருப்பும். முப்பது தோட்டாவுக்கு முப்பத்தைந்து டிகிரி அளவுக்கு வளைந்துவிடும். இதை நேரான பெட்டிக்குள் அடைத்தால் நுனிகள் கீழே கவிழும், ஏந்துதட்டு முன்பக்கம் தாழும், தோட்டா சேம்பரின் வாய்க்குக் கீழே போய் முட்டும்.

5.56 தோட்டாவில் சரிவு குறைவு: அடியில் 9.6, தோளில் 9.0 மி.மீ. அளவு. ஆகவே அமெரிக்காவின் எம்16 ரைஃபிளுக்கு முதலில் வந்த 20 சுற்று மேகசின் நேர்ப்பெட்டியாக இருந்தும் சமாளித்தது. 30 சுற்று வேண்டும் என்றபோதுதான் சிக்கல் வந்தது. துப்பாக்கியில் மேகசின் நுழையும் குழி நேராக ஏற்கெனவே வடிவமைக்கப்பட்டு, லட்சக்கணக்கில் தயாராகியும்விட்டது. வேறு வழியின்றி மேல்பாதி நேராகவும் கீழ்ப்பாதி வளைவாகவும் ஒரு பெட்டி செய்தார்கள். வளைவு நேராகும் அந்த முழங்கையில் ஏந்துதட்டு சாயும். அதன் கால் குட்டையாக இருந்தால் நன்றாகவே சாயும். அந்தச் சாய்வைக் குறைக்க நடந்த முயற்சிகளின் வரலாற்றை ஏந்துதட்டின் நிறத்தை வைத்தே சொல்லலாம்: கறுப்பு, பிறகு பச்சை, 2009இல் பழுப்பு. பழுப்பு நிறத் தட்டில் பின்கால் நீட்டப்பட்டது, ஸ்பிரிங்கின் கம்பிச் சுருள்கள் கூட்டப்பட்டன. துப்பாக்கியில் ஒரு ஸ்குருவைக்கூடத் தொடவில்லை. அதற்குள் மேக்புல் நிறுவனம் 2007இல் பாலிமர் மேகசினைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தது. அதில் உள்வளைவு விட்டுவிட்டு இல்லாமல் ஒரே சீராக ஓடும், ஏந்துதட்டு முன்னும் பின்னும் சாய இடமே இராது. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படை 2016இல் அதையே ஏற்றுக்கொண்டது. அந்த நிறுவனம் 1999இல் தொடங்கியபோது விற்றது மேகசின் அல்ல. பையிலிருந்து மேகசினை இழுத்தெடுக்க அதன் அடியில் மாட்டும் ஒரு ரப்பர் வளையம். பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

தோட்டாவை மாற்றினால் மேகசினையும் மாற்ற வேண்டி வரும் என்பதற்கும் அதே துப்பாக்கி சாட்சி. எஃகு நுனி வெளியே தெரியும் எம்855ஏ1 தோட்டா வந்தபின், அந்த நுனி உள்ளே நுழையும்போது அலுமினியப் பாகத்தில் இடித்துத் தேய்த்தது. நுனியைச் சற்று உயர்த்திக் கொடுக்கும் நீல ஏந்துதட்டு மேகசினை அமெரிக்கத் தரைப்படை 2016இல் கொண்டுவந்தது. நம் நாட்டில் 'புதிய தோட்டா, பழைய ரைஃபிளிலேயே சுடலாம்' என்று செய்தி வரும்போது மேகசின் பற்றி ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்.

இதைவிடத் தெளிவான பாடம் நம் காவல்துறைக்குப் பழக்கமான குட்டைத் துப்பாக்கியான கார்பைன். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் அவசர அவசரமாகச் செய்த ஸ்டென் துப்பாக்கியின் 32 சுற்று மேகசினில் தோட்டாக்கள் இரட்டை வரிசையாக ஏறி, வாயருகே ஒற்றை வரிசையாகக் குறுகும். இரண்டு வழிப் போக்குவரத்து ஒரு குறுகிய பாலத்தில் சேர்வதுபோல. அந்தக் குறுகலில் தோட்டாக்கள் ஒன்றையொன்று ஆப்பு போல நெருக்கும். கொஞ்சம் மண் சேர்ந்தால் அவ்வளவுதான். வீரர்கள் இரண்டு மூன்று குறைத்தே அடைத்தார்கள். இன்னொன்று: மேகசின் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதால் அதையே கைப்பிடியாகப் பிடிக்கும் பழக்கம் வந்தது. அந்த இழுப்பில் மேகசின் கொக்கி தேய்ந்து, தோட்டா நுழையும் கோணமே மாறிப்போகும். அதற்கு அடுத்து வந்த ஸ்டெர்லிங்கில் பேட்செட் என்ற வடிவமைப்பாளர் செய்தது வேறு. வாய் வரை இரட்டை வரிசையையே கொண்டுவந்து இட உதட்டிலிருந்தும் வல உதட்டிலிருந்தும் மாறி மாறித் தோட்டா போகும்படி வைத்தார், 9 மி.மீ. கூட்டின் சிறு சரிவுக்கேற்பப் பெட்டியை மெல்ல வளைத்தார். ஏந்துதட்டுக்குப் பதிலாக உருளைகள் பொருத்தினார். கொள்ளளவு இரண்டு கூடி 34 ஆனது, கோளாறோ வெகுவாகக் குறைந்தது. கான்பூரில் உரிமம் பெற்றுத் தயாரித்த 1ஏ கார்பைன் இந்த வழி வந்தது. ஸ்டென்னும் ஸ்டெர்லிங்கும் சுடுவது ஒரே தோட்டாதான்.

.303 பற்றிச் சுருக்கமாக. அதன் கூட்டுக்கு அடியில் துருத்திய விளிம்பு உண்டு. மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு, கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் விழுந்துவிட்டால் போல்ட் தள்ளத் தள்ள இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். தோட்டாவை அடுக்கும் முறையிலேயே பிழை வரக்கூடிய வடிவமைப்பு அது. அதே .303 தோட்டாவைச் சுடும் பிரென் மெஷின்கன்னின் 30 சுற்று மேகசினிலும் 28 போட்டதே வழக்கம். மொத்தத்தில் மோசமானது எது என்று கேட்டால் முதல் உலகப்போரின் பிரெஞ்சு மெஷின்கன் ஷோஷா. எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்ப்பதற்காக மேகசினின் ஒரு பக்கத்தைத் திறந்தே வைத்தார்கள், பதுங்குகுழிச் சேற்றில் போர் செய்யப் போகும் ஆயுதத்துக்கு!

மிச்சத்தைப் பார்க்கும் ஆசை இன்சாஸிலும் இருந்தது, வழி வேறு. புணேயில் வடிவமைக்கப்பட்டு நம் ஆலைகளில் தயாரான 5.56 இன்சாஸ் ரைஃபிளுக்கு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் 20 சுற்று மேகசின். 1999 கார்கில் போரின்போது குளிரில் அந்த மேகசின்கள் விரிசல் விட்டதாகச் செய்திகள் பரவலாக வந்தன. அதன்பின் 'பிளாஸ்டிக் மேகசின் ஆகாது, இரும்புதான் நல்லது' என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. இது தவறான பாடம். இன்றைக்கு உலகில் நன்றாக உழைக்கும் மேகசின்களில் பல பிளாஸ்டிக்தான். எந்தப் பிளாஸ்டிக், எப்படி வார்த்தது, எந்த மூலையில் எத்தனை வளைவு என்பதே கேள்வி. அம்பத்தூரில் இஞ்செக்‌ஷன் மோல்டிங் பட்டறை வைத்திருப்பவருக்கு இது புரியும். பிளாஸ்டிக் நாற்காலியின் கால் எங்கே ஒடியும் என்று அவருக்குத் தெரியும்.

உள்மூலை கூர்மையாக இருந்தால் அழுத்தம் முழுவதும் அந்தக் கோட்டில் குவியும். மேகசினில் அப்படிக் குவியும் இடங்கள் மூன்று: உதடு பெட்டியோடு சேரும் மடிப்பு, கொக்கி மாட்டும் பள்ளம், அடித்தட்டு நுழையும் தடம். சாதாரண வெயிலில் பிளாஸ்டிக் சற்று நெளிந்து தாங்கிக்கொள்ளும். குளிரில் நெளியும் குணம் போய்க் கண்ணாடி போல உடையும். உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் இரண்டு பக்கமாகப் பாய்ந்து சந்திக்கும் இடத்தில் விழும் வெல்ட் லைன் என்கிற கோடு, மற்ற இடங்களைவிடப் பலவீனமானது. அது உதட்டின் மடிப்பில் விழும்படி, அச்சுக்குள் பிளாஸ்டிக் நுழையும் வாயை வைத்தால், வரைபடத்தில் எத்தனை மி.மீ. தடிமன் போட்டாலும் பயனில்லை.

ஈரம் இன்னொரு விஷயம். கண்ணாடி போலத் தெரியும் பாலிகார்பனேட் மணிகளை வார்ப்பதற்கு முன் 120 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்த வேண்டும். மின்கட்டணத்துக்கு அஞ்சி ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டால் வார்க்கும் சூட்டில் ஈரம் மூலக்கூறுச் சங்கிலியை அறுத்துவிடும். பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும், தட்டினால் தெறிக்கும். நைலானுக்கும் வார்க்கும்முன் உலர்த்தல் வேண்டும், ஆனால் வார்த்த பிறகு கதை தலைகீழ். நைலான் 66 சாதாரணக் காற்றிலிருந்தே எடையில் 2.5 சதவீதம் அளவுக்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு முறியாத தன்மை பெறும். அச்சிலிருந்து சூடாக வந்ததை உடனே பையில் அடைத்து அனுப்பினால், அது காய்ந்த நிலையிலேயே உயரமான குளிர்ப் பகுதிக்குப் போய்ச் சேரும். சென்னைப் புழுக்கத்தில் பரிசோதித்த நைலான் மேகசின் தேறியது என்ற சான்றிதழ், லடாக்கின் வறண்ட குளிருக்குச் செல்லாது. இதற்கெல்லாம் ஆய்வு வசதி வெளிநாட்டில் தேட வேண்டாம். 1968 முதல் கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் இருக்கிறது.

பெட்ரோல், தின்னர், சிலவகை எண்ணெய்கள் பட்டால் இழுவிசையில் இருக்கும் பாலிகார்பனேட் நாளாவட்டத்தில் முடிமுடியாக விரிசல் விடும். தோட்டா நிரப்பிய மேகசினின் உதடுகள் எந்நேரமும் இழுவிசையில்தான் இருக்கின்றன. துப்பாக்கியைத் துடைத்த அதே துணியால் மேகசினையும் துடைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மாதக்கணக்கில் நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் களைத்துவிடும் என்பது நெடுநாள் நம்பிக்கை. நல்ல ஸ்பிரிங் கம்பியில், அளவோடு வடிவமைத்த ஸ்பிரிங்கை அமுக்கியே வைப்பதைவிடத் திரும்பத் திரும்ப அமுக்கி விடுவதுதான் அதிகம் களைக்க வைக்கும். அசையாமல் இருக்கும்போது பாதிக்கப்படுவது பிளாஸ்டிக் உதடுகள். தொடர்ந்து ஒரே பாரத்தில் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல விலகும். துணி காயப்போட்ட நைலான் கயிறு தொய்வதுபோல. உதடு விலகினால் மேல் தோட்டா உயர்ந்து நிற்கும், சில சமயம் இரண்டு ஒன்றாகக் கிளம்பும். மேக்புல் மேகசினோடு ஒரு மூடி வருகிறதே, அது தூசிக்கு மட்டுமல்ல. அதை மாட்டினால் மேல் தோட்டா சற்றே கீழே அழுந்தி உதடுகளுக்கு ஓய்வு கிடைக்கும். உதட்டுக்குள் எஃகுத் தகடு பதித்து வார்ப்பது இன்னொரு வழி. பழுப்பும் ஆரஞ்சுமாக 'பேக்கலைட்' என்று பெயர்பெற்ற சோவியத் ஏ.கே. மேகசின்களில் உதட்டிலும் கொக்கி மாட்டும் இடத்திலும் எஃகு உண்டு. வெற்றெடையில் பழைய கனத்த எஃகு மேகசின் 430 கிராம், இது 250 கிராம் அளவு. மலிவான போலிகளில் எஃகை விட்டுவிடுவார்கள். ஏ.கே. மேகசின் முன்பக்கக் கொக்கியை மாட்டிப் பின்னால் சுழற்றிப் பூட்டும் வகை. எஃகு இல்லாத முன்கொக்கி சீக்கிரமே பொடிந்துவிடும்.

துணைக்கருவிகள் பற்றியும் சில வரிகள். குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் ரெட் டாட், டார்ச், முன்கைப்பிடி என்று எதையும் மாட்ட உதவும் பல் பல்லான தண்டவாளத்தைப் பிக்காட்டினி ரெயில் என்கிறோம். அமெரிக்க ராணுவம் 1995 பிப்ரவரியில் வெளியிட்ட தர அளவு அது. பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ., ஒரு பள்ளத்தின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம் 10.01 மி.மீ. பழைய வீவர் ரெயிலில் பள்ளம் 4.57 மி.மீ.தான். ஆகவே வீவருக்கான மவுண்ட், அதாவது கருவியை ரெயிலில் பிடித்து நிறுத்தும் பாகம், பிக்காட்டினியில் உட்காரும், ஆனால் ஆடும். ஆட்டம் எவ்வளவு என்று அலட்சியமாக இருக்க வேண்டாம்: 100 மி.மீ. நீளமுள்ள மவுண்டின் ஒரு முனை 0.1 மி.மீ. விலகினால், அதாவது ஒரு தாளின் தடிமன் அளவு, 100 மீட்டரில் குண்டு 10 செ.மீ. விலகும், 300 மீட்டரில் 30 செ.மீ. இந்தப் பெருக்கல் தெரியாமல்தான் 'ஸ்கோப் சரியில்லை' என்று கண்ணாடி மேல் பழி போடுகிறார்கள்.

மவுண்ட்டை ரெயிலில் வைத்ததும் குழல் பக்கமாக முன்னால் தள்ளி, பள்ளத்தின் முன்சுவரில் இடித்து நிற்கவைத்துவிட்டுத்தான் முடுக்க வேண்டும். சுடும்போது துப்பாக்கி பின்னால் பாயும், ஸ்கோப் தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். துப்பாக்கியிலிருந்து பார்த்தால் அது முன்னால் நகர்வதாகத் தெரியும். முன்னாலேயே இடித்து நிறுத்தியிருந்தால் நகர இடமில்லை. முடுக்கியபின் திருகின் தலைமீதும் மவுண்ட் மீதும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிட்டால், தளர்ந்தால் கோடு பிளந்து காட்டிக்கொடுக்கும். கையின் பலத்தை நம்பாமல் முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முடுக்குவதே முறை.

இனி கொள்முதல். மேகசின் டெண்டரில் விலையும் எண்ணிக்கையும் பெரிதாக இருக்கும்; சோதனை நிபந்தனைகளையே ஊன்றிப் படிக்க வேண்டும். வெறும் மேகசினைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் அது சோதனையாகாது. முழுக்க நிரப்பி, குளிரில் ஊறவைத்து, வெளியே எடுத்த கையோடு உதடு கீழிருக்கும்படி ஒரு முறை, அடித்தட்டு கீழிருக்கும்படி ஒரு முறை கான்கிரீட்டில் போட வேண்டும். அதே மேகசினைப் பிறகு ஒரு துப்பாக்கியில் அல்ல, பல துப்பாக்கிகளில் மாட்டிச் சுட வேண்டும். துப்பாக்கியின் கொக்கி ஒன்றில் சற்று மேலே, இன்னொன்றில் சற்று கீழே இருக்கும். மேகசினின் பள்ளமும் அப்படியே. இரண்டு பிழையும் ஒரே பக்கம் சேர்ந்தால் ஒரு துப்பாக்கியில் குறையின்றி ஓடும் மேகசின் பக்கத்துத் துப்பாக்கியில் முரண்டு பிடிக்கும். அச்சிலேயே தயாரித்த ஆண்டும் தொகுதி எண்ணும் பதிந்திருந்தால்தான், ஒரு தொகுதி முழுவதும் கெட்டது என்று பின்னால் கண்டுபிடித்து ஒதுக்க முடியும். விசாரிக்கப் போகும் உங்கள் நிருபர் முதலில் கேட்க வேண்டியதும் அந்தத் தொகுதி எண்ணைத்தான்.

இடையில் ஓர் எச்சரிக்கை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதற்குள் அதன் பாகங்களும் அடங்கும். உரிமம் இல்லாமல் மேகசின் செய்வதும் விற்பதும் கடும் தண்டனைக்குரிய குற்றம். வீட்டு 3டி பிரிண்டரில் விளையாட்டாகச் செய்து காணொளி போடும் இளைஞர்கள் இதை அறிவதில்லை. வழித்தடத்தில் வேலை தேடும் பட்டறைகளும் அச்சு வெட்டுவதற்கு முன்பே உரிமத்தை வாங்கிவிட வேண்டும்.

கடைசியாக, ஆயுத அறைகளில் அன்றாடம் செய்யக்கூடியது. சேம்பரும் மேகசினும் காலி என்று உறுதிசெய்துவிட்டு, ஒவ்வொரு மேகசினுக்கும் பெயிண்ட்டில் ஓர் எண் எழுதுங்கள். சுடுதளத்தில் நின்றுபோனால் துப்பாக்கி எண்ணோடு மேகசின் எண்ணையும், எத்தனையாவது சுற்று என்பதையும் குறியுங்கள். அதே எண் மறுபடி வந்தால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிடும். கழற்றும்போது ஸ்பிரிங் எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்று பார்த்து வையுங்கள். தலைகீழாக, முன்பின்னாக மாட்டிவிட்டு ஏந்துதட்டைக் குறைசொல்வது நடக்கிறது. உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எண்ணெய் ஊற்றினால் தூசி பசையாகும், பிரைமருக்குள் ஊறித் தோட்டாவும் கெடலாம். எஃகு மேகசினில் துருவுக்காகப் பூசியே தீர வேண்டுமென்றால் பூசிவிட்டு முழுக்கத் துடைத்தெடுங்கள். ஏந்துதட்டை விரலால் முன்முனையில் ஒருமுறை, பின்முனையில் ஒருமுறை அழுத்தி விடுங்கள். தயங்காமல் மேலே வர வேண்டும். உதடுகளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இரண்டும் ஒரே உயரமா, மடிப்பில் முடியளவு கோடு உண்டா என்று பாருங்கள்.

வளைந்த எஃகு உதட்டைப் பிளையர் வைத்து நிமிர்த்துவது பல இடங்களில் வழக்கம். கேஜ் என்ற அளவுக்கருவி வைத்து அளந்து நிமிர்த்தினால் சிலகாலம் ஓடும், கண்ணளவில் நிமிர்த்தினால் ஓடாது. பிளாஸ்டிக்கில் விரிசல் கண்டுவிட்டால் ஒட்டுப் பசையெல்லாம் வேண்டாம். கெட்டது என்று முடிவான மேகசினைப் 'பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்' என்று தனிப்பெட்டியில் போடுவார்கள். அடுத்த ஆண்டு அவசரத்தில் அந்தப் பெட்டியிலிருந்துதான் எடுப்பார்கள். பதிவேட்டில் கழித்துவிட்டு, வைஸில் வைத்து நசுக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
திருவெறும்பூர், திருச்சிராப்பள்ளி.